எவருடைய தமிழ்?

கிறித்தவ இறையியலைத் தமிழ் மண்ணுக்கேற்பக் கற்பிக்கும் முயற்சி நானூறு ஆண்டுப் பழமையுடையது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, காவியுடை பூண்டு, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் பயின்று, தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். வடசொல் மிக்க அவருடைய உரைநடை உயர்குடிக் கற்றோரை நோக்கியது. ஒடுக்கப்பட்டோரோடு புழங்கினால் அவர்கள் விலகுவர் என்ற அச்சம் இருந்தது. ஆகவே 1640ஐ ஒட்டி, மற்றவரிடம் செல்வதற்கென்று பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவினர் ஏற்படுத்தப்பட்டனர். பண்பாட்டைத் தழுவிய கை சாதியையும் சேர்த்தே தழுவியது.

தேம்பாவணியைப் போற்றும் நாம் வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்க'த்தை (1727) அத்துணை நினைப்பதில்லை. ஊர்தோறும் மறையுரைத்த உபதேசியார்களுக்கு அவர் எழுதிய பயிற்சி நூல் அது. தமிழ் உரைநடை வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. அந்தணரைக் குறித்து வழங்கிய சொல்லை உபதேசியாருக்குச் சூட்டியதிலேயே ஒரு துணிவு தெரிகிறது. பழைய ஏணியை அப்படியே நிற்கவிட்டதும் தெரிகிறது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி 1713இல் ஜெர்மனிக்கு அனுப்பிய நூல் அங்கு அச்சேறவில்லை. 1867இல்தான் அச்சுருவம் கண்டது. அயலாரின் சமயத்தை அறிவது கல்வியாகுமா என்னும் ஐயம் அனுப்பியோரிடமே இருந்தது.

பின்னாளில் உயர்நிலை இறையியல் கல்வி ஆங்கிலத்தின் கையில் சென்றது. 1827இல் டென்மார்க் மன்னர் சீராம்பூர்க் கல்லூரிக்கு வழங்கிய உரிமைப் பட்டயத்தின் வழியே பட்டங்கள் வந்தன. ஐரோப்பிய அறிஞர்களை ஆங்கிலத்தில் படித்துத் தேறிய போதகர், சிற்றூர்ச் சபையில் தமிழில் பேச வேண்டியிருந்தது. தாம் கற்றதற்கும் கேட்போர் வாழ்வுக்கும் இடையே பாலம் கட்டும் வேலை அவர் ஒருவர் தலையில் விழுந்தது.

1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி இந்நிலையை மாற்ற முனைந்தது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபையும் இதில் இணைந்தன. பட்ட வகுப்பே தமிழ்வழியில் நடந்தது. மாணவர் ஓராண்டு வளாகத்தை விட்டு வெளியேறி, எளியோர் குடியிருப்புகளில் வாடகைக்குத் தங்கிப் பயிலும் முறையும் வந்தது. நூலகத்தில் கிடைக்காத பாடம் அங்கே கிடைத்தது.

அக்கல்லூரியின் ஆசிரியர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என அறியப்பட்டவர். தமிழ்மயம் என்ற பெயரில் கருநாடக இசையும் செம்மொழி நடையும் ஆலயத்துள் புகுவதை அவர் போதுமானதாகக் கொள்ளவில்லை. அது எவருடைய தமிழ் என்று கேட்டார். சாவுக்குரியது என ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குக் கொணர்ந்தார், எதிர்ப்பும் எழாமலில்லை. இயேசு கற்பித்த மன்றாட்டில் உணவு வேண்டும் இடத்தை, ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் சோறாக அவர் கண்டார். 'உலை' மக்கள் வாயில் 'ஒல' ஆகும். அவர் பிடித்துக்கொண்டது அந்த 'ஒல'யைத்தான். சேர்ந்து உண்ணாத சாதி வழக்கத்துக்கு இதைவிடக் கூரிய மறுப்பை நீண்ட விரிவுரை எதுவும் தந்துவிடாது. கொச்சை எனத் தமிழாசிரியர் சிவப்பு மையால் அடிக்கும் சொல் அங்கே இறையியல் கலைச்சொல்லாயிற்று! அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன் அவர் பாடல்களை ஆராய்ந்து 2014இல் ஆங்கிலத்தில் தனிநூலே வெளியிட்டார்.

காத்திவாக்கத்துக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கிறது. அரசரடிப் பாடல்கள் உள்நாட்டுச் சிற்றூர்களின் தாளத்தைக் கொண்டவை. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மீனோடு அனல்மின் சாம்பலையும் கண்டவர்களின் மன்றாட்டுக்கு வேறு சொற்கள் வேண்டும். வலையிழுப்போரின் அம்பாப் பாட்டுக்கு வேறு மூச்சும் உண்டு. அப்பாட்டை மதுரையிலிருந்து எவரும் எழுதி அனுப்ப இயலாது.