டென்மார்க்கின் மௌனத் திரைப்படங்களில் தேவதைக் கதையும் அதீத கற்பனையும்

கலைப்படைப்பொன்றில் அதீத கற்பனை தலைதூக்கும்பொழுது அதனை யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் முயற்சியெனக் கூறி ஒதுக்கிவிடுவது முற்போக்கு விமர்சகர் சிலரிடத்துக் காணப்படும் ஒரு வழக்கமாகும். வால்வெள்ளியும் செவ்வாய்க் கிரகமும் இளவரசியும் வர்க்கப் போராட்டத்துக்கு அப்பாற்பட்டவை என்பது இவர்களது எண்ணம் போலும். டென்மார்க்கின் மௌனத் திரைப்படங்களை நோக்குமிடத்து இம்முடிவு எத்துணை அவசரமானது என்பது புலனாகும். யதார்த்தமெனப் பெயர் பெற்ற படங்கள் பேசத் தயங்கியவற்றை அங்கு மாயக்கதைகளே பேசின.

1906ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகனில் நோர்டிஸ்க் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஓலெ ஓல்சன், களியாட்டக் காட்சிகள் நடத்திப் பொருளீட்டியவர். சிறிய நாடொன்றின் உள்நாட்டுச் சந்தை அவருக்குப் போதவில்லை. ஏற்றுமதியே அவரது குறிக்கோளாயிற்று. 1910இல் ஊர்பன் காட் இயக்க, அஸ்தா நீல்சன் நடித்த 'பாதாளம்' வெளிவந்தபின் டென்மார்க்கின் படங்கள் ஐரோப்பாவெங்கும் விரும்பிப் பார்க்கப்பட்டன. மனங்கொள்ளத்தக்கது யாதெனில், ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் பிறந்த நாட்டுக்குத் திரையில் உலகப் புகழ் தேடித்தந்தவை அவருடைய கதைகளல்ல என்பதாகும். வரவேற்பறைகளிலும் சர்க்கஸ் கூடாரங்களிலும் நிகழும் காதல் அவலங்களே சரக்காயின. அவற்றிலே பணக்காரன் உண்டு, ஏழைப்பெண் உண்டு. ஆயின் அப்பணம் எங்கிருந்து வந்தது என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை.

அவ்வினா எழுவது 1916இல் ஆகஸ்ட் புளொம் இயக்கிய 'உலகத்தின் முடிவு' என்ற படத்திலேயாகும். 1910இல் ஹலியின் வால்வெள்ளி தோன்றியபோது மக்களிடையே பரவிய பீதி இதற்குப் பின்னணியாயிற்று. ஓலாவ் ஃபொன்ஸ் நடித்த ஃபிராங் ஸ்டொல் என்னும் சுரங்க முதலாளி, பூமியை நோக்கி வால்வெள்ளி வருவதை அறிந்ததும் செய்வதென்ன? பீதியினால் பங்குகளின் விலை வீழ்கிறது. அவன் பத்திரிகை மூலம் பொய்யான ஆறுதற் செய்தியைப் பரப்பி இலாபமீட்டுகிறான். உலகமே அழியவிருக்கும் தறுவாயிலும் மூலதனம் தன் தொழிலை நிறுத்துவதில்லை. இதனினும் கூர்மையான முதலாளித்துவச் சித்திரிப்பை அக்காலத்து டென்மார்க்கின் குடும்பப் படங்களிற் காண்பதரிது.

இதற்கு வரலாற்று அடிப்படை உண்டு. முதலாம் உலக யுத்தத்தில் நடுநிலை வகித்த டென்மார்க், போரிடும் நாடுகளுக்குப் பொருள் விற்றுக் கொழுத்தது. தரங்குறைந்த இறைச்சியைத் தகரங்களில் அடைத்து ஜேர்மனியப் படைக்கு விற்றுத் திடீர்ச் செல்வரானோரை மக்கள் 'குலாஷ் பிரபுக்கள்' என்று எள்ளி நகையாடினர். பங்குச் சந்தைச் சூதாட்டம் பெருகியது. விலைவாசியும் உடன் ஏறியது. ஸ்டொல் இப்புதுப் பணக்காரரின் இனத்தவனே. வால்வெள்ளி விழவிருக்கும் இரவில் அவனது மாளிகையில் விருந்து நடக்கின்றது. ஆயுதந் தாங்கிய தொழிலாளர் அதனைத் தாக்குகின்றனர்.

ஆயின் இங்குதான் படத்தின் கருத்துநிலை தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. கலகத்துக்குத் தலைமை தாங்கும் ஃபிளின்ற், ஸ்டொல் மணந்த பெண்ணின் முன்னைய காதலன். ஒரு வர்க்கத்தின் சீற்றம் தனியொருவனின் பொறாமையாகச் சுருக்கப்படுகிறது. பின்னர் வால்வெள்ளி முதலாளியையும் தொழிலாளியையும் ஒருங்கே அழித்துவிட, எஞ்சும் நல்லுள்ளம் படைத்த காதலர் இருவரைத் தேவாலய மணியோசை ஒன்றுசேர்க்கிறது. புரட்சி செய்ய வேண்டியதை வானம் செய்துவிடுகிறது! முரண்பாட்டைக் கண்ட கண், அதன் தீர்வைக் காண மறுத்தது.

1918இல் ஹொல்கர்-மாட்சன் இயக்கிய 'வானக்கப்பல்' இதன் மறுபக்கம் எனலாம். ஓல்சனே சோஃபுஸ் மிக்காயெலிசுடன் இணைந்து இதன் கதையை அமைத்தார். பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செல்வோர் அங்கே வெண்ணிற ஆடையணிந்து, கனிகளை உண்டு, கொலையென்பதை மறந்து வாழும் மக்களைக் காண்கின்றனர். இறைச்சிக்காகப் பறவையொன்றைச் சுட்ட குற்றத்துக்குப் பூமியினர் விசாரிக்கப்படுகின்றனர். ஈற்றில் செவ்வாயின் மங்கையொருத்தி சமாதானத் தூது தாங்கிப் பூமிக்கு வருகிறாள். யுத்தத்தின் நான்காம் ஆண்டில் இத்தகைய படமொன்று வெளிவந்தமை மதிக்கத்தக்கதே. 1914இல் 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' என்ற படத்தையும் இதே நிறுவனமும் இதே இயக்குநரும் தந்தனர் என்பதை மறக்கலாகாது.

எனினும் இச்சமாதானத்தின் சமூக வேர் எது? நடுநிலை வணிகனுக்குப் போர் இலாபமும் தந்தது, அச்சமும் தந்தது. நோர்டிஸ்கின் முதன்மையான சந்தை ஜேர்மனி. 1917 டிசம்பரில் ஊஃபா நிறுவனம் அமைக்கப்பட்டபொழுது நோர்டிஸ்கின் ஜேர்மனியச் சொத்துக்கள் அதனுட் சென்றன. எல்லைகள் திறந்திருப்பது ஓல்சனுக்கு இலட்சியம் மட்டுமன்று, தேவையுமாகும். மேலும், செவ்வாயின் கனிகளைப் பயிரிட்டவர் யார் என்பது பற்றிப் படம் அக்கறை கொள்வதில்லை. அங்கு நிலவுவது குருமாரின் அருளாட்சி. கொப்பன்ஹேகனில் நிலவியது வேறு: இப்படம் திரைக்கு வந்த அதே ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி, வேலையற்ற தொழிலாளர் பங்குச் சந்தைக் கட்டிடத்தினுள் புகுந்து தாக்கினர். 'உலகத்தின் முடிவு' இரண்டாண்டுகளுக்கு முன் காட்டிய கலகம் தெருவுக்கு வந்துவிட்டது; கற்பனையோ கிரகம் மாறிக்கொண்டது.

பெஞ்சமின் கிறிஸ்தென்சனின் 'சூனியக்காரி' (1922) சுவீடனின் முதலீட்டில் உருவானமையால் அதனை இங்கு விட்டுவிடுகிறேன். அதே ஆண்டில் வெளிவந்த கார்ல் தியோடர் டிரையரின் 'முன்னொரு காலத்தில்' நம் கவனத்துக்குரியது. ஹொல்கர் டிராக்மன் 1885இல் எழுதிய நாடகமே இதன் மூலம். செருக்குற்ற இளவரசியை டென்மார்க்கின் இளவரசன் மாறுவேடத்தில் வந்து வென்று, காட்டுக் குடிசையில் குயவனின் மனைவியாக வாழ வைக்கிறான். படம் முழுமையாக எஞ்சவில்லையெனினும், எஞ்சிய பகுதிகளில் அரண்மனைக் காட்சிகளின் நுண்ணிய ஏளனம் டிரையரின் பிற்காலத் திறனை முன்னறிவிக்கிறது.

இக்கதையை அன்டர்சனின் 'பன்றி மேய்ப்பன்' கதையோடு ஒப்பிடல் பயனுடைத்து. அங்கும் மாறுவேட இளவரசன் உண்டு. ஆயின் ஈற்றில் அவன் இளவரசியை மழையில் நிறுத்திக் கதவைச் சாத்திவிடுகிறான், மன்னிப்பு இல்லை. செருப்புத் தைப்பவனுக்கும் சலவைத் தொழிலாளிக்கும் மகனாய்ப் பிறந்தவர் அன்டர்சன். மேட்டுக்குடியின் போலி இரசனைமீது அவர் கொண்ட கசப்பு அங்கு நீர்க்காமல் நிற்கிறது. நாடகமும் படமுமோ இளவரசியைத் திருத்தி அரியணைக்கு மீட்டுத்தருகின்றன. குயவனின் உழைப்பு அவளுக்கு ஒரு தண்டனை, ஒரு பயிற்சி. மண் பிசையும் உண்மைக் குயவனுக்கு அதிலிருந்து மீட்சியில்லை. நாடகத்தின் பழைமைவாதத்தைப் படிமங்களின் அழகு மறைத்துவிடுகிறது என்றே கூறத் தோன்றுகிறது.

1924இல் ஓல்சன் நிறுவனத்தைவிட்டு விலகினார். 1928இல் அது வங்குரோத்தடைந்தது. அன்டர்சனின் கதைகளுள் அரசனைக் கவிழ்க்கும் கதையொன்று உண்டு. தூக்குமேடையேறிய சாதாரணப் போர்வீரன் ஒருவன் மாய நாய்களை ஏவி அரசனையும் நீதிபதிகளையும் தூக்கியெறிந்து தானே அரசனாகும் 'சக்கிமுக்கிப் பெட்டி' என்பதே அது. டென்மார்க்கின் முதலாவது முழுநீளச் சித்திரப்படமாக அது வெளிவந்தது 1946இல், ஜேர்மனிய ஆக்கிரமிப்பு நீங்கிய மறு ஆண்டில். அதனை இயக்கிய ஸ்வென் மெத்லிங், டிரையரின் படத்தில் இளவரசனாக நடித்தவர்.