அட்டைக்கு வெளியே நின்ற பெண்கள்: சென்னையின் மேற்குப் புறநகரில் பெருந்தொற்று நிவாரணமும் உள்ளாட்சியும்

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழக அரசின் நிவாரணம் பெரும்பாலும் குடும்ப அட்டை வழியாகவே மக்களைச் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய். 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக 4,000 ரூபாய். வேகத்திலும் பரப்பிலும் இது பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால் அட்டை குடும்பத்தை ஒரே அலகாகப் பார்க்கிறது. வீட்டுக்குள் பணம் யார் கையில் தங்குகிறது என்று கேட்பதில்லை. கணவரைப் பிரிந்தும் அவர் அட்டையிலேயே பெயர் நீடிக்கும் பெண், வெளியூரிலிருந்து வந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர், பாலியல் தொழிலாளி, அடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறியவர் ஆகியோரை அந்தக் கணக்கு எளிதில் தவறவிடுகிறது. இவர்களைத் தேடிப்போய் அறிந்துவைத்திருப்பவை தொண்டு நிறுவனங்கள். நகர்ப்புற உள்ளாட்சி அவற்றுக்கு நேரடியாக நிதி தரும் நிலையான வழி இருந்திருக்க வேண்டும். அது உருவாகாமல் போனதற்குப் பணமில்லாததைவிட அதிகாரமில்லாததே பெரிய காரணம் என்பது என் வாதம்.

அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணை, ஊராட்சிகளுக்குரிய பொருள்களில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நகர்ப்புறத்துக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் அது இல்லை. நலிந்த பிரிவினரின் நலன் காத்தல், நகர்ப்புற வறுமை ஒழிப்பு என்ற பொதுத் தலைப்புகளோடு நின்றுவிடுகிறது. ஊர் நகரமாக வளர்ந்ததும் பெண்கள் குறித்த பொறுப்பு ஏட்டளவில்கூட உள்ளாட்சியின் கையைவிட்டுப் போகிறது என்பது வினோதம்தான். இருந்த அதிகாரத்தையும் கையாளப் பெருந்தொற்றின்போது மன்றங்கள் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. 2019இல் மாநகராட்சியான ஆவடிக்கு முதலிரு அலைகளின்போது மேயரும் இல்லை, மாமன்றமும் இல்லை. பூவிருந்தவல்லி நகராட்சியிலும், 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூரிலும் இதே நிலைதான். சுற்றியிருந்த திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளிலோ 2019 டிசம்பரிலேயே தேர்தல் முடிந்து தலைவர்கள் பொறுப்பில் இருந்தார்கள். போதாக்குறைக்கு, அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடி திருவள்ளூரிலேயே தொடர்ந்தது. ஆவடியில் குடியிருந்து அம்பத்தூரில் வேலை பார்க்கும் பெண்ணின் வாழ்க்கை இரண்டு மாவட்ட நிர்வாகங்களுக்கு நடுவே கிடந்தது.

தொண்டு நிறுவனங்களின் கையும் அப்போது கட்டப்பட்டிருந்தது. 2020 ஏப்ரலில் அவை நேரடியாக நிவாரணம் வழங்க மாநில அரசு தடை விதித்தது. அதிகாரிகளுக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வழங்கலாம் என்று உயர் நீதிமன்றம் பின்னர் வழிவிட்டது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதிக்குத் தருவதும் கணக்கில் சேரும் என மத்திய அரசு அறிவித்ததால், ஊரிலுள்ள அமைப்புகளுக்கு வரக்கூடிய பணம் டெல்லிக்குத் திரும்பும் வழி அகலமானது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பெரிய அமைப்பு சிறிய அமைப்புக்கு அந்த நிதியைப் பகிர்ந்தளிப்பதை அடியோடு தடுத்தது. இதற்கு மாறாக, அமெரிக்காவில் 2020 மார்ச்சில் வந்த பெருந்தொற்று நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம், சமூக மேம்பாட்டு மானியமாக 500 கோடி டாலரை ஒதுக்கியது. மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் போன அந்த நிதியைத் தொண்டு அமைப்புகளுக்கு மானியமாகத் தரவும் அதில் இடமிருந்தது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கையில் இன்னொரு வழி எதற்கு என்று கேட்கலாம். அந்தக் குழுக்களுக்குப் பிணையில்லாக் கடன் வரம்பை 2020 மார்ச்சில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்துவதாக மத்திய அரசு அறிவித்தது உண்மை. ஆனால் கடன் நிவாரணமாகாது; ஓரிடத்தில் நிலையாக வாழ்ந்து மாதந்தோறும் சேமிக்கக்கூடியவரே குழுவில் நீடிக்க முடியும். தொண்டு நிறுவனங்களுக்கு நிதி தந்தால் முறைகேடு நடக்கும் என்ற ஐயம் இதைவிடக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. என்றாலும் வீடற்றோர் காப்பகங்களைச் சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டே நடத்திவருகிறது. ஒப்பந்தமும் தணிக்கையும் அங்கே சாத்தியமென்றால் இங்கேயும் சாத்தியமே. நிதி பெற்ற அமைப்பின் பெயரையும் தொகையையும் வெளியிட்டு, பயன்பெற்ற பெண்களின் பெயரை மறைத்துவைப்பதே உரிய விதியாகும். பாலியல் தொழிலாளர்களுக்கு அடையாளச் சான்று கேட்காமல் உணவுப் பொருள் வழங்க உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் ஆணையிட்டபோது, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அடையாளம் காட்டினால் போதும் என்றது. அட்டைக்குப் பதிலாகக் களத்தில் பழகியவர்களின் சொல்லை அரசு நம்பலாம் என்பதற்கு நீதிமன்றமே தந்த முன்மாதிரி அது. ஆனால் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் ஓர் அட்டைக்கு ஒரு குடும்பத் தலைவி என்ற கணக்கிலேயே 1,000 ரூபாய் தருகிறது. இப்போது ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் மன்றங்கள் அமைந்துவிட்டன, பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன; அவற்றின் நிதிநிலை அறிக்கையில் தொண்டு நிறுவனங்களுக்கான நேரடி நிதிக்கென ஒரு தலைப்பைத் திறக்க மாநில அரசு இசைய வேண்டும்.