பள்ளி வாசலுக்கு முந்தைய வயது

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை; பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றார்கள்; அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார். தாமிரபரணிக் கரையில் இந்தக் கதையை அறியாதவர் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு நிகழ்ச்சி ஒன்றில் வரலாறு எவ்வளவு, ஐதீகம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது இங்கே நம் வேலையில்லை. அதே குமரகுருபரர் பின்னாளில் மீனாட்சியம்மை மீது பிள்ளைத்தமிழ் பாடினார் என்பதுதான் நமக்கு முக்கியம். பிள்ளைத்தமிழின் பருவங்களுக்குப் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கு சொல்கின்றன. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டென்றாலும், தவழ முயன்று ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்தை ஒட்டியும், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டியும், நடந்து வரும் வருகை ஓராண்டு நிறையும் தறுவாயிலும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகோலின்படி குழந்தை தனியே நடக்கத் தொடங்குவது ஏறத்தாழ 8 முதல் 18 மாதத்துக்குள். புலவர்களின் கணக்கு இதற்கு வெகு தொலைவில் இல்லை. எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பது இந்தச் சமூகத்துக்குத் தெரிந்தே இருந்தது. செய்யாவிட்டால் எங்கே போவது என்பதற்குத்தான் நெடுங்காலம் விடை இல்லை. விடை கிடைத்தபோதும் அது பள்ளிக்கூடமாக இருந்தது. பள்ளிக்கூட வாசலோ ஐந்து, ஆறு வயதில்தான் திறக்கும். வளர்ச்சி தாமதமான குழந்தைகள் இந்தப் பள்ளத்தாக்கில் பிந்திக் கவனிக்கப்பட்டதற்குப் பெற்றோரின் அறியாமையைவிட உதவி எடுத்துக்கொண்ட இந்த வடிவமே பெரிய காரணம்.

பாளையங்கோட்டையைப் பார்த்தால் இது விளங்கும். பார்வையற்றோருக்கான பள்ளியை இந்தியாவில் முதலில் 1887-ல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கினார். மூன்றே ஆண்டில், 1890-ல், மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் அப்படியொரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். அதே பத்தாண்டுக்குள் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோருக்குப் பள்ளி வைத்தார். சென்னைக்கு இவ்வளவு தொலைவில், ஒரே ஊரில், இரண்டு பள்ளிகள். தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பாளையங்கோட்டையைப் புகழ்கிறவர்கள் கல்லூரிகளை எண்ணுகிற வேகத்தில் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நெசவும் கூடை முடைதலும் கற்றுப் பிழைக்க வழி தேடிக்கொண்ட பிள்ளைகளுக்கு இவை செய்த உபகாரம் பெரிது. ஆனால் விடுதியோடு கூடிய பள்ளி என்பதால், தாயை விட்டுப் பிரிந்து தானே உண்டு உடுத்தத் தெரிந்த பிள்ளைக்கே அங்கே இடம் இருந்திருக்கும். பார்வையின்மையும் செவித்திறன் இன்மையும் பெயர் சொல்லக்கூடிய குறைகள். கழுத்து நிற்காத, உட்காராத, கூப்பிட்டால் திரும்பாத, ஏனென்று சொல்ல முடியாத இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் காலத்தில் ஒரு நிறுவனமும் இல்லை, வசம்பு இருந்தது. அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். உரைத்து நாக்கில் தடவினார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள், ‘ஆம்பளப் பிள்ள கொஞ்சம் லேட்டாத்தான் பேசும்’ என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. வேறு வழி திறந்திருந்து அதை மக்கள் மறுத்திருந்தால் அந்தப் பழி நியாயம். குமரகுருபரரின் பெற்றோரும் சும்மா இருந்துவிடவில்லை. தெரிந்த ஒரே இடத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையை முறையாக எட்டிய முதல் அரசுக் கருவி தராசு என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980-ல் உலக வங்கிக் கடனுடன் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்த்தது. எடை ஏறாத பிள்ளைக்குத்தான் கூடுதல் உணவு. ஊர்ப் பெண் ஒருத்தி, கையில் ஓர் அட்டை, மாதம் ஒரு தடவை அதே குழந்தை: பிற்காலத்தில் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட ஏற்பாடு இதுதான். ஆனால் அந்த அட்டையில் எடைக்குக் கோடு இருந்தது, பேச்சுக்கும் நடைக்கும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அந்தக் கோடும் வந்துவிட்டது. 1987-ல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம், இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளைச் சில நிமிடங்களில் சோதிக்கப் பதினேழே கேள்விகள் கொண்ட ஒரு முறையை உருவாக்கியது. மருத்துவர் இல்லாத இடத்திலும் செய்யலாம். சென்னையில் 1989-ல் வந்த மதுரம் நாராயணன் மையம், குழந்தையோடு தாயையும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கும் முறையை வளர்த்தது. இதற்கிடையே குழந்தைகளின் நிலையும் மாறிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 1980-களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்குத் தொண்ணூறு அளவில் இருந்த சிசு மரணம் 2020-ல் 13-க்கு இறங்கியது. போலியோ 2011-க்குப் பிறகு நாட்டிலேயே இல்லை. குறைமாதத்தில் பிறந்து முன்பு இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் பிழைத்தார்கள். அவர்களில் சிலருக்கு மூளைவாதம், சிலருக்குப் பேச்சுத் தாமதம். காலிப்பர் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் பழைய வழி இவர்களுக்கு உதவாது.

தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றுக்கு அனுமன் நதி ஒரு கிளை. அதன் கரையில் இருக்கும் ஆய்க்குடி 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்த பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் சேர்ந்துகொண்டார். இங்கும் ஆரம்பம் பள்ளிதான், பாளையங்கோட்டை வழிதான். ஆனால் சங்கம் அதோடு நிற்காமல் ஊர் ஊராகப் போனது, குழந்தையின் வயதிலும் கீழே இறங்கியது. சுற்று வட்டார ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். இயன்முறை, பேச்சு, சிறப்புக் கல்வி வல்லுநர்கள் அவர்களுக்குப் பின்னால் இருந்து வழிகாட்டினார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைபேசிச் செயலியில் பதிந்து, தொலைவிலிருக்கும் வல்லுநர் பார்த்துத் திருத்தும் ஏற்பாடும் பிறகு வந்தது. செயலிதான் விருதுகளையும் வெளிநாட்டுக் கவனத்தையும் பெற்றது; ஆனால் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரும் ஆள்தான் இங்கே புதுமை என்பேன். அம்பாசமுத்திரம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் எத்தனையோ தாய்மார் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. வாரம் இரண்டு தடவை வரச் சொன்னால் மூன்றாம் வாரம் வரவு நிற்கும். அதைப் பெற்றோரின் அலட்சியம் என்று பதிவேட்டில் எழுதுவது கணக்குத் தெரியாதவர்கள் செய்யும் வேலை.

இப்படிச் சிறு வயதிலேயே தேடிப் போய் உதவுவதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் சாரமும் உண்டு. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமே சரியாகிவிடுகிறார்கள், வீணாக ஏன் முத்திரை குத்த வேண்டும் என்பது முதலாவது. பலர் சரியாவது உண்மை. யார் சரியாவார் என்பது இரண்டு வயதில் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்பதும் உண்மை. பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கு முதல் சில வாரங்களில் தொடங்கும் மலிவான மாத்திரை அறிவுத்திறனைக் காக்கும். மாதங்கள் கழித்துக் கொடுத்தால் இழந்தது முழுதாகத் திரும்பாது. செவித்திறனை ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்ற கணக்கு. காத்திருந்து பார்க்கலாம் என்ற அறிவுரைக்கு இங்கே விலை உண்டு. சோதித்துப் பார்ப்பதற்கு அநேகமாக இல்லை. இரண்டாவது மறுப்பு கனமானது: குறைமாதக் குழந்தைகளுக்கு அளித்த ஆரம்பகாலப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அறிவு வளர்ச்சியில் கிடைத்த பலன் பள்ளிப் பருவத்துக்கு முன்புவரை தெரிகிறது, அதன் பிறகு தெளிவாக இல்லை என்கிறார்கள். இதை மூடி மறைத்து ‘சீக்கிரம் வந்தால் எல்லாம் சரியாகும்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெற்றோருக்குத் துரோகம் செய்கிறார்கள். ஆனால் மூளைவாதக் குழந்தையைப் புரையேறாமல் ஊட்டுவது, இடுப்பு விலகாதபடி உட்கார வைப்பது, சைகையால் கேட்கப் பழக்குவது ஆகியவற்றின் பலன் நுண்ணறிவுத் தேர்வில் வராது. வீட்டில் அன்றாடம் தெரியும். மூன்றாவதாக, பயிற்சி குறைந்த ஊர்ப் பெண்ணை அனுப்புவது ஏழைகளுக்கு இரண்டாந்தரச் சேவை இல்லையா? பின்னால் வல்லுநர் இல்லாவிட்டால் நிச்சயமாக அப்படித்தான். எல்லாப் பாரமும் தாயின் தலையில் விழுகிறது என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. தகப்பனும் பாட்டியும் பயிற்சியின்போது உட்காராத வீடுகளில் அந்தக் குறை அப்படியே நிற்கிறது.

அரசும் இறங்கி வந்திருக்கிறது, பாதி தூரம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பார்க்கிறது. தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கச் சொல்கிறது. அதே சட்டம் இலவசக் கல்வி உரிமையை ஆறு வயதிலிருந்து எண்ணுகிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்துக்கும் ஆறுதான் தொடக்கம். ஆறுக்குக் கீழே குழந்தைக்குச் சோதனை உண்டு. சோதனைக்குப் பின் வாரந்தோறும் கிடைக்க வேண்டிய சேவையை உரிமையாகக் கேட்கத் தெளிவான ஒரு பிரிவு இல்லை. உலக வங்கி உதவியோடு மாநிலம் நடத்தும் உரிமைகள் திட்டம் புதிய சேவை மையங்களைத் திறக்கிறது, களப்பணியாளர்களையும் அமர்த்துகிறது. கட்டடம் திறந்தால் கல்வெட்டு நிற்கும். பணியாளரின் சம்பளம் ஆண்டுதோறும் நிதியறிக்கையில் தேட வேண்டிய வரி. ஆய்க்குடியில் நன்கொடையை நம்பி வளர்ந்த அந்தப் பணி, மாஞ்சோலைச் சரிவிலும் ராதாபுரம் தேரியிலும் நிரந்தரப் பணியிடமாக வருமா என்பதை அந்த வரியில்தான் பார்க்க வேண்டும்.