வேட்டிக்கு வந்த சட்டம்

வேட்டி கட்டி வந்தவரை வாசலில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம். இப்படி ஒரு சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் வேப்பந்தட்டை டீக்கடையில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "வேட்டி கட்டினவனை யாருங்க தடுக்கப் போறா?" என்று சிரித்தார்கள்.

தடுத்தார்கள். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டியில் இருந்ததால் உள்ளே விடவில்லை. சட்டமன்றத்தில் பெரிய விவாதம் நடந்தது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. வேட்டி மட்டுமல்ல, வேறு எந்த இந்திய மரபு உடையையும் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்பது சட்டம்.

1921 செப்டம்பர் 22-இல் மதுரை மேலமாசி வீதியில் மேலாடையை விட்டு முழங்கால் துண்டுக்கு மாறினார் காந்தி. 1931-இல் அதே கோலத்தில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் போய் மன்னரைச் சந்தித்தார். அரண்மனையில் நுழைந்த துணிக்கு, சுதந்திரம் வந்து 67 ஆண்டுகள் கழித்தும் சேப்பாக்கத்தில் இடமில்லை!

ஆண்களின் இடுப்புத் துணிக்குச் சட்டம் போட்டது நாம் மட்டுமல்ல. ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்களின் அன்றாட உடை 'கில்ட்' என்ற கட்டம் போட்ட பாவாடை. அவர்கள் கலகம் செய்து தோற்றதும், 1746-இல் பிரிட்டிஷ் அரசு அந்த உடைக்கே தடை விதித்தது. முதல் முறை உடுத்தினால் ஆறு மாதம் சிறை. மறுமுறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782-இல் தடை நீங்கியது. இன்று அங்கே கில்ட் பெரும்பாலும் கல்யாணத்துக்கும் விழாவுக்கும்தான்.

நம் ஊரில் எழுதாத சட்டங்களே அதிகம். 1930-இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிட ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் கட்டளையிட்டார்கள். மீறியவர்களை அடித்தார்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் பக்கத்திலும், மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரிய மனிதரைக் கண்டதும் இறக்கிவிடாதவனுக்கு ஏச்சு விழும். எதிரே வருகிற கூலிக்காரருக்காக அந்தப் பெரிய மனிதர் தன் வேட்டியை இறக்கி நான் பார்த்ததில்லை. துணி ஒன்றுதான், யார் உடுத்துகிறார் என்பதில்தான் வழக்கு.

வேட்டிக்கு இப்போது நல்ல காலம். ஜனவரி 6-ஐ வேட்டி தினம் என்று கொண்டாடுகிறார்கள். தலைமைச் செயலக ஊழியர்கள் வேட்டியில் வரலாம் என்று 2019-இல் அரசாணையே வந்தது. ஆனால் தினமும் உடுத்துகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பையன்கள் பொங்கலுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும் வேட்டி எடுக்கிறார்கள். நானும் வேலையில் இருந்தவரை பேன்ட்தான்.

இங்கே அன்றாட உடையாக நிற்பது கைலிதான். பழவேற்காட்டின் பெயரால் பாலையக்காடு கைலி என்று பர்மா வரை கப்பலேறிய துணி அது. பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் எங்களுடையது. பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கிறவர்கள் காட்டில் கட்டுவது கைலி. அதே ஆள் ஆபீசுக்கோ பேங்குக்கோ போகவேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டுதான் கிளம்புகிறார். மாற்றச் சொல்லி யாரும் எழுதி ஒட்டவில்லை. "கைலியோட வந்துட்டியா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்துதான்.

நீதிபதிக்கு நேர்ந்த அவமானம் ஒரே மாதத்தில் சட்டமானது, நல்ல காரியம். கைலிக்காரர் கேட்கும் கேள்விக்குச் சட்டம் வராது, வரவும் வேண்டாம். அவரை முதலில் உட்காரச் சொல்லி, அப்புறம் வந்த காரியத்தைக் கேட்டால் போதும்.