இடிக்கும் முன் எடுத்த படி

போன மாதம் என் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. முதலில் ஃபைல் திறக்க நேரம் பிடித்தது. அப்புறம் உள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். பிறகு கருப்புத் திரை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பத்து வருடமாகச் சுற்றி எடுத்த கல்வெட்டுப் படங்களும், மூடிப்போன ஒரு டேனரியின் கணக்கு நோட்டிலிருந்து ஸ்கேன் செய்த பக்கங்களும் அதற்குள்தான் இருந்தன. பேக்கப் உண்டா என்று கேட்காதீர்கள்.

அதே டிஸ்கில் விண்டோஸை மறுபடி ஏற்றிப் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆம்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பாய் தடுத்துவிட்டார். "சார், அது மேல எதையும் எழுதாதீங்க. ஆன் கூட பண்ணாதீங்க. மொதல்ல உள்ள இருக்கறத அப்படியே காப்பி எடுத்துக்கலாம். சிஸ்டம் எப்ப வேணா போட்டுக்கலாம்."

கடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் திருவல்லம் ஞாபகம் வந்தது.

திருவல்லம், வேலூருக்குக் கிழக்கே பொன்னை ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். வில்வநாதேசுவரர் கோயில். சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் நந்தியைப் பார்க்கத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். அங்கே விஜய நந்திவிக்கிரமவர்மன் என்ற பல்லவ அரசனின் 17ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. அந்த அரசன் மூன்றாம் நந்திவர்மன் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அப்படியானால் காலம் 9ஆம் நூற்றாண்டு. இந்தப் பகுதியை அப்போது பல்லவருக்கு அடங்கி ஆண்டவர்கள் வாணர்கள். மாவலி வாணராயன் கேட்டுக்கொள்ள, மூன்று ஊர்களை ஒன்றாக்கி, விடேல்விடுகு விக்கிரமாதித்தச் சதுர்வேதிமங்கலம் என்று பெயரிட்டு, அதன் வருவாயில் கோயிலுக்குப் பங்கு வைத்தார்கள்.

ஆனால் அந்தக் கல் பல்லவன் காலத்துக் கல் இல்லை. கல்வெட்டே அதைச் சொல்லிவிடுகிறது: திருமண்டபத்தை இறக்கி மறுபடி எடுப்பதற்கு முன் இருந்த கல்வெட்டின் படி இது என்று. மண்டபம் பழுதாகிவிட்டது, பிரித்துக் கட்ட வேண்டும். பிரிக்கும் முன் யாரோ உட்கார்ந்து பழைய எழுத்தைப் படித்து நகல் எடுத்திருக்கிறார்கள். புதுச்சுவர் எழும்பியதும் அதில் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். பாய் சொன்ன அதே வரிசைதான்.

இப்படி ஒரு படி எடுக்காமல் போயிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? அந்தக் கல்வெட்டில், கோயில் வருவாயில் பங்கு பெறுவோர் பட்டியலில், திருப்பதியம் பாடுவோரும் வருகிறார்கள். தேவாரப் பதிகங்களைக் கோயிலில் பாட ஆள் வைத்து, சம்பளமும் கொடுத்ததற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் இது ஒன்று.

சிதம்பரத்தில் பூட்டிய அறையில் கறையான் அரித்துக் கிடந்த ஏடுகளை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். நம் ஊரின் மிகப் பிரபலமான டேட்டா ரெக்கவரி கதை அதுதான் என்பேன். ஆனால் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே பாலாற்றுப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பதிகம் பாடிக்கொண்டிருந்தார்கள் என்கிறது திருவல்லம். ஏடு சிதம்பரத்தில் அரிக்கப்பட்டிருக்கலாம். பாட்டு கோயில் கோயிலாக வாயில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கதையைத் திருத்திப் பார்க்க உதவும் இந்தச் சான்றே ஒரு நகல் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

திருவல்லம் தனி உதாரணம் இல்லை. செம்பியன் மாதேவி 10ஆம் நூற்றாண்டில் பல கோயில்களைக் கற்றளியாக்கினார். காவிரிக் கரையில் திருக்கோடிக்காவலில் அப்படிச் செய்தபோது, சிதறிக் கிடந்த பழைய கல்வெட்டுகளைப் புதுச்சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். அங்கே ஒவ்வொன்றிலும் இதுவும் ஒரு பழங்கற்படி என்று குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மூலம் போல நடிக்காமல், நகல் என்று ஒப்புக்கொள்கிற நேர்மை அது.

ஆனால் நகலில் ஒன்று போய்விடும். சொல் தங்கும், எழுத்தின் வடிவம் தங்காது. படி எடுத்தவர் தன் காலத்து எழுத்தில்தானே வெட்டுவார்? எழுத்தமைதியை வைத்துக் காலம் சொல்லும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. கம்ப்யூட்டரில் ஃபைலை வேறு டிஸ்குக்கு மாற்றினால் உருவாக்கிய தேதி என்று இன்றைய தேதியைக் காட்டுமே, கிட்டத்தட்ட அந்தச் சிக்கல். உள்ளே இருக்கும் ஆட்சியாண்டுதான் கை கொடுக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இவ்வளவு பொறுப்பு இருந்ததில்லை. படி எடுக்காமலே பிரித்துக் கட்டிய கோயில்கள் ஏராளம். எழுத்துள்ள கல் தலைகீழாக இருக்கும், பாதிக் கல் மேற்குச் சுவரிலும் மீதி மடைப்பள்ளிப் படியிலும் கிடக்கும். தொகுதிகளில் துண்டுக் கல்வெட்டு என்று போட்டிருப்பதில் இந்த வகை நிறைய. நம் காலத்தில் சுத்தம் செய்கிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்துத் தேய்த்த கல்வெட்டுகள் தனிக் கணக்கு.

காகிதத்தில் எடுக்கும் மைப்படிதான் நவீன காலத்து பேக்கப். கல்லே தொலைந்த பிறகும் மைப்படி மட்டும் மிஞ்சியிருப்பது உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஊட்டியில் இருந்து, 1966இல் மைசூருக்குப் போயின. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. படி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

என் டிஸ்குக்கு வருகிறேன். பாய் அதைத் தனியாக மாட்டி, ஒழுங்காகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் இன்னொரு டிஸ்கில் இறக்கினார். அடம்பிடித்த இடங்களைப் பிறகு திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். இரண்டு நாள் ஓடியது. அந்த நகலிலிருந்துதான் ஃபைல்களைத் தேடி எடுத்தோம், மூலத்தைத் தொடவே இல்லை. புது எஸ்எஸ்டியில் சிஸ்டம் ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

படங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. ஃபோல்டர் அமைப்பு சிதைந்துவிட்டதால் பெயர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் எண்கள். கேமரா படத்துக்குள்ளேயே எடுத்த தேதி பதிவாகியிருப்பதால் எந்த ஊர்ப் பயணம் என்று ஓரளவு பிரித்துவிட்டேன். திருவல்லம் படங்களில் ஒன்று பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். பரவாயில்லை, சுவர் அங்கேயே இருக்கிறது. பஸ் பிடித்துப் போய் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

டேனரி நோட்டுக்கு அப்படிப் போக இடமில்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் வாங்கிய கணக்கு, வந்த தோல் எண்ணிக்கை, கூலி எல்லாம் அதில் இருந்தன. நோட்டை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஸ்கேன் பக்கங்கள் வரிசை குலைந்து கிடக்கின்றன. மூலையில் உருது எண்ணில் பக்க எண் போட்டிருந்தது. அவசரத்தில் ஸ்கேன் செய்தபோது சில பக்கங்களில் அந்த மூலையை நானே வெட்டிவிட்டிருக்கிறேன். பாயை உருது எண் படிக்கச் சொல்லி, தினம் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.