வெளிநாட்டிலிருந்து வரும் பணம்: பெறுபவர் அறிய வேண்டிய சட்டங்கள்

அதிராம்பட்டினம், மதுக்கூர், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பக்கத்து மாவட்டத்தில் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என நம் டெல்டா ஊர்களில் சபுராளி இல்லாத தெரு குறைவு. அன்று பர்மா, மலாயா. இன்று வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா. அங்கிருந்து வரும் பணத்தில்தான் வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் நடக்கின்றன. அந்தப் பணம் எந்த வழியாக வந்தது என்று சட்டம் அனுப்பியவரை மட்டுமல்ல, வாங்கியவரையும் கேட்கும்.

உண்டியலும் ஃபெமா சட்டமும்

1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் (ஃபெமா) 2000 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் தரப்படும் பணத்தை, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்றவர் வழியாக அல்லாமல் யாரும் பெறக் கூடாது என்கிறது அதன் 3ஆவது பிரிவு. மீறினால் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பணத்தையும் பறிமுதல் செய்யலாம்.

“துபையில் அவர் பதிவு பெற்ற ஹவாலாக்காரர்தானே” என்று சிலர் கேட்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் மத்திய வங்கியில் பதிவு செய்தவர்கள் அத்தொழிலை நடத்தலாம். அந்த அனுமதி இந்தியாவில் செல்லாது. ஃபிக்ஹ் நூல்களில் ‘ஹவாலா’ என்பது கடன் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றுவது. பெயர் ஒன்று என்பதால் விலக்குக் கிடைக்காது.

முடக்கப்படும் கணக்குகள்

இப்போது உண்டியல் பணம் எப்போதும் கையில் வருவதில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து நம் கணக்கில் விழுகிறது. அது இணைய மோசடியில் பறிக்கப்பட்ட பணமாக இருந்தால், பறிகொடுத்தவர் 1930 எண்ணில் புகார் செய்ததும் பணம் கைமாறிய கணக்குகளைக் காவல்துறை முடக்கச் சொல்லும். வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு விளக்கம் தர வேண்டியிருக்கும். மகன் உழைத்து அனுப்பிய பணம்தான் என்று காட்ட அப்போது கையில் ரசீது இருக்காது.

அனுமதி உள்ள வழிகள்

வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புவதும், வளைகுடா எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் இந்திய வங்கிகளோடு செய்துள்ள ஏற்பாட்டில் அனுப்புவதும் சட்டபூர்வமானவை. வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்றவை ரிசர்வ் வங்கியின் எம்.டி.எஸ்.எஸ். திட்டத்தில் இயங்குகின்றன. அதன் விதிகள்:

• ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை.
• ஒருவர் ஓர் ஆண்டில் 30 தடவை பெறலாம்.
• ரொக்கமாக 50,000 ரூபாய் வரை. அதற்கு மேல் கணக்கில் வரவு அல்லது காசோலை.
• குடும்பச் செலவு போன்ற சொந்தத் தேவைக்கு மட்டும். சொத்து வாங்கவும், வியாபாரத்துக்கும், அறக்கட்டளை நன்கொடைக்கும் கூடாது.

பள்ளிவாசல், மதரஸா நிர்வாகிகள் கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை ‘வெளிநாட்டுப் பங்களிப்பு’ ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் தருவது ஆகும், அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

கிரிப்டோ வழி

‘யு.எஸ்.டி.டி.யாக அனுப்புகிறேன், விற்று எடுத்துக்கொள்’ என்பது புதிய பழக்கம். 2018 அக்டோபரில் பெங்களூரு வணிக வளாகத்தில் வைக்கப்பட்ட பிட்காயின் இயந்திரத்தைக் காவல்துறை சில நாட்களிலேயே கைப்பற்றியது. வங்கிகள் கிரிப்டோ தொழிலுக்குச் சேவை தர ரிசர்வ் வங்கி விதித்த தடையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2022 முதல் லாபத்துக்கு 30 விழுக்காடு வரியும், விற்பனைக்கு 1 விழுக்காடு டி.டி.எஸ்.ஸும் உண்டு. 2023 மார்ச் 7 முதல் இத்தொழில் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. நிறுவனங்கள் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். முகம் தெரியாத ஒருவருக்கு நேரடியாக விற்றாலும், மேலே சொன்ன கணக்கு முடக்கம் நேரலாம். சிங்கப்பூரில் கிரிப்டோ ஏ.டி.எம்.கள் 2022 ஜனவரியிலேயே நிறுத்தப்பட்டன.

வீட்டில் செய்ய வேண்டியவை

கணவர், மகன், சகோதரர் போன்ற உறவினர் அனுப்பும் பணத்தைப் பெறுபவருக்கு அதற்காக வருமான வரி இல்லை. எனவே வரிக்குப் பயந்து உண்டியலை நாட வேண்டியதில்லை. ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வங்கிக் கணக்கையோ ஏ.டி.எம். அட்டையையோ யாருக்கும் இரவல் தராதீர்கள். ஹலாலாகச் சம்பாதித்த பணம் வீடு வந்து சேரும் வழியும் நேரானதாக இருக்கட்டும்.