எல்லாத்தையும் எவனாவது பண்ணிட்டானா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற யாரையாவது பிடித்து, "சொந்தமா ஒரு ப்ராஜெக்ட் பண்ணேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சொல்லும் பதில் இது: "புதுசா பண்ண என்ன இருக்கு? எல்லாத்தையும் எவனாவது பண்ணிட்டான்."

இந்தப் பதில் சரியா? வரலாற்றிலிருந்து மூன்று ப்ராஜெக்ட்களை எடுத்துப் பார்ப்போம். மூன்றும் மூன்று வேறு துறைகள்.

முதலாவது, தகவல் சுருக்கம். 1951-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார். இறுதித் தேர்வு எழுதலாம், இல்லையென்றால் ஒரு கட்டுரை கொடுக்கலாம். கட்டுரைக்கான கணக்கு இதுதான்: அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டிக் குறியீடு, எப்போதாவது வரும் எழுத்துக்கு நீளக் குறியீடு கொடுத்து, மொத்த நீளத்தை முடிந்த அளவு குறைக்க வேண்டும். ஃபானோவும் கிளாட் ஷானனும் ஏற்கெனவே இதற்கு வழி கண்டிருந்தார்கள். நல்ல வழிதான், ஆனால் ஆகச் சிறந்த வழி அல்ல. ஆகச் சிறந்ததை அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதை ஃபானோ வகுப்பில் சொல்லவே இல்லை! :)

டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். சரி, தேர்வுக்கே படித்துவிடலாம் என்று கைவிடப் போகும் நேரத்தில் விடை கிடைத்தது. ஃபானோ எழுத்துகளை மேலிருந்து இரண்டாகப் பிரித்துக்கொண்டே வந்தார். ஹஃப்மன் அதைத் தலைகீழாக்கினார். இருப்பதிலேயே அரிதான இரண்டை முதலில் சேர், அந்த ஜோடியை ஒன்றாக வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய். நான்கு எழுத்துகள் 50, 25, 15, 10 தடவை வருவதாக வைத்துக்கொள்வோம். சாதாரணமாக எழுத்துக்கு 2 பிட் வீதம் மொத்தம் 200 பிட். ஹஃப்மன் முறையில் குறியீட்டு நீளம் 1, 2, 3, 3 என்று வரும். கூட்டிப் பாருங்கள், 175 பிட்தான். 1952-ல் இது வெளியானது. இன்றும் ஜேபெக் படத்துக்குள்ளும் ஜிப் கோப்புக்குள்ளும் இருக்கிறது.

இரண்டாவது, விளையாட்டு. 1961-ல் அதே எம்ஐடி-க்கு டெக் நிறுவனம் பிடிபி-1 என்ற கணினியை நன்கொடையாகக் கொடுத்தது. வட்டமான திரையோடு வந்த கணினி. அந்தத் திரையில் அழகான உருவங்கள் வரையும் நிரல்கள் அதற்கு முன்பே உண்டு. பார்க்கலாம், அவ்வளவுதான், விளையாட முடியாது. அங்கே மாதிரி ரயில் மன்றம் என்று ஒன்று இருந்தது. அதைச் சுற்றி இருந்த மாணவர்களும் இளைஞர்களும் இரண்டு விண்கலங்கள் மோதும் விளையாட்டைத் திட்டமிட்டார்கள். நிரல் எழுத வேண்டிய ஸ்டீவ் ரஸ்ஸல் (அவர் அப்போது அங்கே வேலை பார்த்தவர்) சைன், கொசைன் கணக்கிடும் நிரல் இல்லை என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். ஆலன் காட்டக் நேராக டெக் நிறுவனத்துக்குப் போய் அதை வாங்கிவந்து கையில் கொடுத்துவிட்டார். அப்புறம் என்ன, எழுதித்தானே ஆக வேண்டும்!

1962 தொடக்கத்தில் 'ஸ்பேஸ்வார்' ஓடியது. பீட்டர் சாம்சன் உண்மையான வான வரைபடத்தைப் பின்னணியில் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் இருக்கும் நட்சத்திரத்துக்கு ஈர்ப்பு விசை கொடுத்தார். காட்டக்கும் பாப் சாண்டர்ஸும் கையில் பிடித்து ஆடும் பெட்டிகள் செய்தார்கள். நிரலை யாரும் பூட்டி வைக்கவில்லை. பிடிபி-1 இருந்த மற்ற இடங்களுக்கும் அது பரவியது.

மூன்றாவது, இயங்குதளம். யூனிக்ஸ் 1969-லேயே வந்துவிட்டது. பாடம் நடத்துவதற்காக ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய மினிக்ஸ் 1987-ல் வந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 தொடக்கத்தில் 386 கணினி வாங்கி அதில் மினிக்ஸ் போட்டார். பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள மினிக்ஸில் இருந்த வசதி அவருக்குப் போதவில்லை. அதற்குத் தானே ஒரு நிரல் எழுதினார். கோப்புகளை இறக்கிச் சேமிக்க வேண்டும் என்றதும் வட்டை இயக்கும் பகுதி தேவைப்பட்டது, பிறகு கோப்பு முறை தேவைப்பட்டது. இப்படியே போய் அது இயங்குதளமாகிவிட்டது. 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் குழுவில் அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக எதுவும் இல்லை என்றுதான் சொன்னார். செப்டம்பரில் வந்த முதல் பதிப்பு சுமார் 10,000 வரிகள். 1992-ல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றியதும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், விற்கலாம் என்றானது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். மூன்று பேருக்கும் முன்னால் எவனோ ஒருவன் பண்ணித்தான் வைத்திருந்தான். அது இல்லையென்றால் இவர்களுக்குத் தொடங்க இடமே இல்லை. ஃபானோவின் முறை முன்பே இருந்தது, ஹஃப்மன் அதைத் திருப்பிப் போட்டார். மினிக்ஸைத் தினமும் பயன்படுத்தியதால்தான் லினஸுக்கு அதன் குறை தெரிந்தது.

ஆகவே ப்ராஜெக்ட் தலைப்பு தேடும் நண்பர்களே, யாரும் பண்ணாததைத் தேடி அலைய வேண்டாம். தினமும் பயன்படுத்தும் ஒன்றை எடுங்கள். அதில் எது உங்களை எரிச்சல்படுத்துகிறது என்று எழுதி வையுங்கள். அதுதான் தலைப்பு.